முப்பது விழாவும் ஒரு கம்பெனியும்

புதுக் கம்பெனிகளை வளர்த்துவிடப் பல்கலைக்கழகம் ஒன்றில் இன்குபேஷன் சென்டர் திறந்தார்கள். அதன் இயக்குநர் திருமேனி மூன்று வருஷத்தில் முப்பது விழா நடத்தினார். கம்பெனிதான் ஒன்றும் முளைக்கவில்லை. ஒருநாள் பார்வையிட அரசுச் செயலாளர் வருகிறார் என்றதும் இயக்குநர் அறை அறையாக ஓடினார். காலி அறையில் தையல் மெஷினோடு உட்கார்ந்திருந்த துப்புரவுப் பணியாளர் மரியபுஷ்பத்தின் மேல் பாய்ந்தார்.

"கம்பெனி இருக்க வேண்டிய இடத்துல உனக்கென்ன வேலை? அவர் வர்றதுக்குள்ள இங்க ஒரு கம்பெனி இருக்கணும். இல்லேன்னா நாளையிலேர்ந்து நீ வராதே!"

"இருக்கும் சார்," என்றாள் அவள்.

செயலாளர் வந்து பார்த்தால், அறை நிறையப் பளபளவென்று துணிப்பைகள்.

"நம்ம கம்பெனிதாங்கய்யா. கடைவீதி பூரா இந்தப் பைதான்," என்றாள் மரியபுஷ்பம்.

"துணி எங்கேர்ந்து வருது?"

"பல்கலைக்கழகம் விழா வைக்குது. தொழிலதிபருங்க வர்றாங்க, அரசாங்கத்துலேர்ந்து நீங்க வர்றீங்க. போர்த்துற பொன்னாடைய எல்லாரும் நாற்காலியிலேயே விட்டுட்டுப் போயிடுறீங்க. மூணு பேரும் கூடிக் கொடுக்கிற சரக்குங்கய்யா!"

செயலாளர் தன் தோளில் சற்றுமுன் விழுந்த பொன்னாடையைத் தொட்டுப் பார்த்துச் சிரித்துவிட்டார். "சரக்குக்குத் தட்டுப்பாடே வராதா?"

மரியபுஷ்பம் இயக்குநரைத் திரும்பிப் பார்த்தாள்.

"சார் இருக்கிற வரைக்கும் வராதுங்கய்யா."