மூச்சு விடும் கண்ணாடி

விமான நிலையத்தில் கண்ணாடி துடைப்பவள் சிலம்பாயி. மேற்குக் கண்ணாடியை ஒட்டிய பத்து நாற்காலிகளில் மாலை நாலு மணிக்கு மேல் ஒருவரும் உட்காராததை அவள் தினமும் பார்ப்பாள். உட்கார்ந்து பார்த்தவர்களுக்கு ஏசி குளிரிலும் பிடரியில் யாரோ சூடாக மூச்சு விடுகிறார்களாம். திரும்பினால் கண்ணாடியில் தங்கள் முகம்தான் தெரிகிறதாம்.

மேனேஜர் ஞானசிகாமணி பூசணிக்காய் உடைத்துப் பார்த்தார். மூச்சு நிற்கவில்லை. சிலம்பாயியைக் கூப்பிட்டார்.

"நீ ஒழுங்காத் துடைக்காமத்தான் ஏதோ வந்து அண்டியிருக்கு. நாளைக்குப் பெரிய அதிகாரி வர்றார். அதுக்குள்ள விரட்டு, இல்லேன்னா வேலைக்கு வராதே."

மறுநாள் நாலு மணிக்கு அதிகாரி அங்கேயே போய் உட்கார்ந்தார். ஐந்தாவது நிமிடம் பிடரியைப் பிடித்துக்கொண்டு துள்ளி எழுந்தார்.

"துடைச்சியா?" என்று மேனேஜர் சீறினார்.

"துடைச்சுட்டேன் சார். ஆனா அது உங்க ரூம் பக்கம் மட்டும் எட்டிப் பாக்கிறதில்ல." சிலம்பாயி அதிகாரியிடம் திரும்பினாள். "எல்லாக் கண்ணாடியிலயும் தினம் கை வைக்கிறவ நான், ஐயா. இது தோசைக்கல்லா கொதிக்குது. சார் ரூம் கண்ணாடிமேலயும் இதே வெயில்தான் விழுது, ஆனா மண்பானை மாதிரி ஜில்லுனு இருக்கு. தொட்டுப் பாருங்க."

அதிகாரி இரண்டையும் தொட்டார். நாற்காலிகளுக்குப் பின்னால் மாட்ட வாங்கிய வெயில் தடுப்புக் கண்ணாடி எங்கே போனது என்று அவருக்குப் புரிந்துவிட்டது.

கண்ணாடிகள் இடம் மாறின. இப்போது அந்த நாற்காலிகளில் குழந்தைகள் தூங்குகிறார்கள். நாலு மணியானால் மேனேஜர்தான் பிடரியைத் தடவிக்கொண்டு அறையிலிருந்து ஓடிவருகிறார்.

அவர் வாய் திறக்குமுன் சிலம்பாயி சொல்வாள்: "துடைச்சுட்டேன் சார்."