மலையைக் கூட்டப் போனவ

இது நான் பார்த்ததில்ல பாப்பா. ஹாஸ்டல்ல எங்கூட இருந்த பொண்ணு சொன்னது. அவளுக்கு யார் சொன்னாங்களோ. ம் கொட்டினாத்தான் சொல்லுவேன்.

"ம்."

வடக்க ரொம்ப தூரத்துல, பனிமலைக்குக் கீழ ஒரு ஊர். அந்த ஊர்ல யாங்சென்னு ஒருத்தி. ஒரு துண்டு பார்லி வயலு, ஒரு பசு, ஒரு புருஷன். அங்க மழை பேருக்குத்தான். மலைமேல கிடக்குற பனி உருகி, வாய்க்கால்ல சலசலன்னு வந்தாத்தான் சோறு.

குளிர் முடியறப்போ அந்த ஊர்க்காரங்க அடுப்புக் கரியும் மண்ணும் அள்ளி, வயல்ல கிடக்குற பனிமேல தூவுவாங்க. கறுப்பு வெயிலை இழுக்கும்ல? பனி சீக்கிரம் கரையும், விதைச்சுடலாம்.

அப்புறம் பள்ளத்துல செங்கல் சூளைங்க வந்துச்சு. அவ புருஷன் ரிக்ஜின் ஒரு சூளையில தீ போடற வேலைக்குப் போனான். குபுகுபுன்னு புகை. காத்து அதைத் தூக்கிட்டுப் போய் மலைமேல போட்டுச்சு.

மொத வருஷம் தண்ணி முன்னாடியே வந்துச்சு. "மலைக்கு நம்ம மேல இரக்கம் வந்துடுச்சு"ன்னு ஊரே கூத்தாடுச்சு.

ரெண்டாம் வருஷம் இன்னும் முன்னாடி, இன்னும் நிறைய. தரிசைக்கூட உழுதாங்க. யாங்சென் மட்டும் அண்ணாந்து பார்த்தா. "மலை கறுக்குதுங்க. யாரோ அதுமேலயும் கரி தூவுற மாதிரி இருக்கு."

"அங்க யாருடி விதைக்கப் போறா?"ன்னு சிரிச்சான் ரிக்ஜின்.

மூணாம் வருஷம், விதைக்கறதுக்குள்ளயே தண்ணி தடதடன்னு வந்து ஓடிப்போச்சு. மண்ணுல மிஞ்சின ஈரத்தை வெச்சுப் பயிர் எழுந்துச்சு. கதிர் பால் பிடிக்கிறப்போ வாய்க்கால்ல சொட்டு இல்ல. எல்லாம் சருகாச்சு.

"ம்... அப்புறம்?"

அவ துடைப்பத்தைத் தூக்கிக்கிட்டு மலை ஏறிட்டா.

"மலையைக் கூட்டவா!"

ஆமா. சரக், சரக். கரிக்குக் கீழ நீலமா ஐஸ். பாய் விரிக்கிற அளவுக்குக் கூட்டியிருப்பா. அப்போ உஸ்ஸுன்னு காத்து. திரும்பிப் பார்த்தா, கூட்டின இடத்துல புதுக் கரி. அவ மூஞ்சியிலயும் கரி.

இறங்கி வந்து, "சூளைக்குப் போகாதீங்க"ன்னா.

"நான் போகலைன்னா சூளை நின்னுடுமா? வயலும் போச்சு. இதையும் விட்டா எதைத் தின்போம்?"

அவன் சொன்னதுல பொய்யில்ல. பசுவை வித்தாங்க. அப்புறம் அதே சூளையில, அவளும் தலையில செங்கல் சுமந்தா.

கதை படுத்துடுச்சு, நீயும் படு.

"நெசமா அக்கா?"

துடைப்பம் நெசமான்னு தெரியல பாப்பா. ஆனா அப்புறமா தேடிப் படிச்சேன். புகைக்கரி விழுந்த பனி வெயிலை அதிகமா வாங்கி, சீக்கிரம் உருகிடும். அது நெசம்.