தட்டாத வஜ்ரவேல்

கூண்டுச் சண்டையில் பிடியில் மாட்டிக்கொண்டவர் உள்ளங்கையால் மூன்று முறை தரையில் தட்டினால் தோற்றுவிட்டார் என்று அர்த்தம். பதினேழு சண்டை போட்டும் ஒருமுறைகூட அப்படித் தட்டாதவர் வஜ்ரவேல். போஸ்டரிலேயே ‘தட்டாத வஜ்ரவேல்’ என்றுதான் அச்சடிப்பார்கள். இப்போது யாருக்குச் சண்டை கொடுப்பது என்று முடிவு செய்வதும் அவர்தான். கொம்பு முளைக்கக் கேட்கவா வேண்டும்?

காசிமேட்டு ஜெசிந்தா ஒரு வருஷமாக அவரிடம் தன் முதல் சண்டையைக் கேட்டு அலைந்தாள். அவர் பத்திரிகைக்காரர்களைக் கூட்டி வைத்துப் பேசிய அன்றும் எழுந்து கேட்டாள்.

“ஐம்பது கிலோ இருப்பியா நீ? முதல்ல என்னைத் தட்ட வை. சனிக்கிழமையே உனக்குச் சண்டை தர்றேன்” என்றார் தொண்ணூறு கிலோ வஜ்ரவேல். எல்லாரும் சிரித்தார்கள்.

“சரிங்க சார். என் பேச்சைத் தட்டாம ஒரு சண்டை குடுங்க.”

“முடியாது, போ!”

ஜெசிந்தா பத்திரிகைக்காரர்கள் பக்கம் திரும்பினாள். “எழுதிக்குங்க. என் பேச்சைத் தட்டிட்டாரு.”

சிரிப்பு கட்சி மாறியது. வஜ்ரவேலுக்கு மூக்கு நுனி சிவந்தது.

“யாரு தட்டினா? நான் தட்டலை!” என்று உள்ளங்கையால் மேஜையில் ஓங்கித் தட்டினார். “தட்டலை!” மறுபடியும் தட்டினார். “தட்டவே இல்லை!” அது மூன்றாவது.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த நடுவருக்குப் பத்து வருஷப் பழக்கம். சட்டென்று எழுந்து, ஜெசிந்தாவின் கையைப் பிடித்து உயரத் தூக்கிவிட்டார்.