கொளஞ்சியின் குப்பைச் சீட்டு

கொளஞ்சி பொய் சொல்லுவான் என்று யாராவது சொன்னால் நம்பிவிடாதீர்கள். பொய் என்றால் அதில் ஒரு ஓரத்திலாவது உண்மை மாதிரி ஏதாவது ஒட்டிக்கொண்டிருக்கும். கொளஞ்சியிடம் அந்தக் கலப்படமெல்லாம் கிடையாது. அத்தனையும் சுத்தமான சரக்கு.

அன்றைக்கு மத்தியானம் சர்க்கரை ஆலை யார்டில், கரும்பு ஏற்றி நின்ற டிராக்டரின் நிழலில் தார்ப்பாயை விரித்துக்கொண்டு மூன்று டிரைவர்கள் உட்கார்ந்திருந்தார்கள். கொளஞ்சி, சாமிக்கண்ணு, இவர்கள் இரண்டு பேருக்கும் இளையவனான தனவேல். மூன்று வண்டியும் ஒரே ஊர் வண்டி. ஒரே ஊர் வண்டிகளுக்கு ஆலையில் டோக்கனை ஒரே கட்டாகக் கொடுத்துவிடுவார்கள். ஒன்று அன்று சாயங்காலம் கரும்பை இறக்க, ஒன்று மறுநாளைக்கு, இன்னொன்று அதற்கும் மறுநாளைக்கு. யார் எதை எடுப்பது என்பது அவர்கள் பாடு. அதை அவர்கள் மூணு சீட்டு ஆடித்தான் தீர்த்துக்கொள்வார்கள். பந்தயம் வெறும் தீக்குச்சி. ஆளுக்கு ஒரு பெட்டி. ஒருவன் குச்சியைக் கூட்டினால் மற்றவன் அதே அளவு வைத்துச் சீட்டைக் காட்டச் சொல்லலாம், இல்லை கவுத்துவிட்டு ஒதுங்கிக்கொள்ளலாம். கடைசியில் குச்சியெல்லாம் யாரிடம் சேருகிறதோ அவனுக்கு முதல் டோக்கன்.

தனவேலுக்கு அந்த முதல் டோக்கன் வேண்டும், வேண்டியே தீர வேண்டும். விடிந்தால் அவன் அக்கா மகளுக்குக் காதுகுத்து. குழந்தையைத் தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் காது குத்த வேண்டும். பாவாடை சட்டை, கம்மல் எல்லாம் வாங்கி டிராக்டர் சீட்டுக்கடியில் பையில் வைத்திருந்தான். காலையில்தான் அக்கா போனில் கத்தினாள். "நீ வரலன்னா உங்க மாமா அவரு பங்காளி மடியில உக்கார வெச்சிடுவாராம். அதுக்கப்புறம் என் மூஞ்சியில முழிக்காத."

டோக்கனை விட்டுக்கொடுக்கச் சொல்லிக் கேட்டும் பார்த்துவிட்டான்.

"உனக்கு இல்லாததாடா தம்பி? ஆடி ஜெயிச்சு எடுத்துக்க" என்று கொளஞ்சி பெரிய மனசோடு சொல்லிவிட்டான். கரும்பு காயக் காய எடை குறையும் என்பது அவனுக்கும் தெரியுமே.

தனவேலோ சீட்டில் பயந்த சுபாவம். ராஜா ஜோடிக்குக் கீழே எது வந்தாலும் தேளைத் தொட்டவன் மாதிரி கவுத்துவிடுவான்.

"இப்படிக் கவுத்துக்கிட்டே இருந்தா எப்படிடா?" என்றான் கொளஞ்சி. "நல்ல சீட்டு வந்தா எவன் வேணும்னாலும் ஜெயிப்பான். குப்பைய வெச்சு ஜெயிக்கணும். பண்ருட்டியில ஒரு போட்டி. சின்னப் போட்டிதான், பரிசு ஒரு எவர்சில்வர் குடம். என் கையில ரெண்டு, நாலு, ஏழு. எதிர்ல ஒரு பலாப்பழ வியாபாரி, மூணு ராஜா வெச்சிருக்கான். நான் கூட்டுறேன், கூட்டுறேன், கூட்டிக்கிட்டே இருக்கேன். அவனுக்கு வேர்த்து ஊத்துது. ஊத்துன வேர்வையில சீட்டுல இருந்த ராஜாவுக்கெல்லாம் மீசை அழிஞ்சுபோச்சு. சரி, நமக்கு ராணிதான் வந்திருக்கு போலன்னு கவுத்துட்டான்."

"யோவ், மூணு ராணியும் உன் ரெண்டு நாலு ஏழைவிடப் பெருசுதானய்யா" என்றான் சாமிக்கண்ணு.

"கணக்குப் பாக்குற நெலமையிலயா அவன் இருந்தான்? இப்பக்கூட என் கையில குப்பைதான், பாத்துக்க." ஒரு கை குச்சியை அள்ளி நடுவில் போட்டான்.

தனவேல் கவுத்தான். சாமிக்கண்ணு விடவில்லை. ராணி ஜோடி வைத்திருந்தான், காட்டச் சொன்னான். கொளஞ்சி விரித்தது ஆஸ் ஜோடி.

"அட, இது எப்ப வந்துச்சு?" என்று தலையைச் சொறிந்துகொண்டே குச்சியை வாரிக்கொண்டான்.

அடுத்த சீட்டைப் போட்டதும் கொளஞ்சிக்குக் கொள்ளிடம் ஞாபகம் வந்துவிட்டது.

"ஆத்து மணல்ல போட்டி நடக்குது. திடீர்னு வெள்ளம். அத்தனை பேரும் ஓடிட்டான். ஆட்டம் பாதியில இருக்குறப்ப நான் எப்படி எழுந்திரிக்கிறது? கழுத்தளவு தண்ணியில உக்காந்திருக்கேன். ஒரு முதலை வந்து எதிர்ல உக்காந்துச்சு."

"முதலை சீட்டப் பிடிக்குமா?" என்றான் சாமிக்கண்ணு.

"பிடிக்காது. பல்லிடுக்குல சொருகிக்கிச்சு. ரொம்ப அழுத்தமான ஆட்டக்காரன், வாயவே தொறக்கல. எனக்கு வந்த சீட்டுல ஒண்ணு தண்ணியோட போயிடுச்சு. அந்த எடத்துல விருத்தாசலம் பஸ் டிக்கெட்ட வெச்சுப் பிடிச்சிருக்கேன்."

"குச்சிக்கு அது எங்க போச்சு?"

"மீனு வெச்சுதுய்யா. மொதல்ல கெண்டை, அப்புறம் கெளுத்தி, கடைசியா ஒரு விரால். நான் அசரல. உத்து ஒரு பார்வை பாத்தேன். கவுத்துடுச்சு. கவுத்ததோட விட்டுச்சா, என்னை முதுகுல ஏத்திக்கிட்டுப் போயி சிதம்பரம் பஸ் ஸ்டாண்டு வாசல்ல எறக்கி விட்டுச்சு."

"பஸ் ஸ்டாண்டுல ஏதுய்யா ஆறு?"

"அதான், வர்ற வழியில அதுக்கு ரொம்பக் கஷ்டமா போச்சு." பெருமூச்சு விட்டுக்கொண்டே கொளஞ்சி இரண்டு கையாலும் குச்சியைத் தள்ளினான். "இப்பவும் அதே நெலமதான். கையில குப்பை."

தனவேல் கையைச் சுட்டுக்கொண்டவன்போலச் சீட்டைக் கவுத்தான். சாமிக்கண்ணுவுக்கு முதலை முதுகில் பஸ் ஸ்டாண்டுக்குப் போனதைத்தான் தாங்க முடியவில்லை. "புளுகறதுக்கும் ஒரு அளவு வேணாமாய்யா?" என்று இருந்த குச்சியை எல்லாம் கொட்டிவிட்டான். கொளஞ்சி மெதுவாக விரித்தான். எட்டு, ஒன்பது, பத்து. வரிசையாக நின்றன.

சாமிக்கண்ணு அவுட். இரண்டே பேர் மிஞ்சினால் குச்சியைச் சரிபாதியாகப் பிரித்துக்கொண்டு புதிதாக ஆட வேண்டும் என்பது யார்டு வழக்கம். பிரித்தார்கள். தனவேலுக்கு அக்கா வீட்டுப் பந்தலும், மாமாவின் பங்காளி சம்மணம் போட்டு உட்கார்ந்திருப்பதும் கண் முன்னால் வந்து வந்து போயின.

சீட்டு விழுந்தது. எடுத்துப் பார்த்தால் அவனுக்கு ராஜா ஜோடி. கொளஞ்சி தன் சீட்டைப் பார்த்தான், தொண்டையைக் கனைத்தான்.

"போன வருசம் எனக்குக் காய்ச்சல் வந்து படுத்தேன் பாரு, அப்ப எமலோகத்துல ஒரு போட்டி. சின்னப் போட்டிதான், மொத பரிசு ஆயுசு. எமனே எதிர்ல உக்காந்துட்டான். அவன் கையில மூணு ஆஸ். எனக்குச் சீட்டே போடல. செத்தவனுக்குச் சீட்டு கிடையாதாம். நான் வெறும் விரல மடக்கி வெச்சுக்கிட்டுக் கூட்டுறேன். பாசக் கயித்த வெச்சான், நான் கூட்டுனேன். கதாயுதத்த வெச்சான், நான் கூட்டுனேன். கடைசியில எருமையையும் வெச்சான். அதுக்கும் மேல கூட்டுனதும் கவுத்துட்டு நடந்தே வீட்டுக்குப் போயிட்டான். அந்த எருமை எங்க கொட்டாயிலதான் நிக்குது. வேளைக்கு ஒரு படி கறக்குது."

"எமனோடது கடாவாச்சேய்யா" என்றான் சாமிக்கண்ணு.

"கடாதான். எமன் பட்ட பாட்ட நேர்ல பாத்துச்சுல்ல, அந்தப் பயத்துல கறக்குது." கொளஞ்சி குச்சியை நகர்த்தினான். "வா தம்பி. கையில குப்பைதான்."

சாமிக்கண்ணு சிரித்துச் சிரித்து டயரில் சாய்ந்துவிட்டான். தனவேலும் சிரித்தபடியே குச்சியைத் தள்ளப் போனான். ராஜா ஜோடியாச்சே. கை பாதியில் நின்றது. இந்த மனுசன் பிறந்ததிலிருந்து ஒரு வார்த்தை உண்மை பேசினதில்லை. அப்படிப்பட்டவன் கையில் குப்பை என்று சொன்னால் அதை மட்டும் நாம் ஏன் நம்ப வேண்டும்?

கவுத்துவிட்டான்.

கொளஞ்சி அந்தச் சீட்டைப் புரட்டிப் பார்த்தான், முகம் தொங்கிப் போனது. "ராஜா ஜோடிய எவனாச்சும் கவுப்பானாடா?" என்று தன் சீட்டை விசிறி எறிந்தான். மூணும் ஆஸ். நடுவில் கிடந்ததோ நாலைந்து குச்சி. அவ்வளவு பெரிய சீட்டுக்கு அவ்வளவுதான் வரும்படி.

அந்த வயிற்றெரிச்சலோடுதான் அடுத்த சீட்டை எடுத்தான். பார்த்தான். வானத்தைப் பார்த்தான். மூக்கைத் தேய்த்தான். அப்புறம், இரண்டு குச்சியை மட்டும் காலடியில் விட்டுவிட்டு மீதி அத்தனையையும் நடுவில் தள்ளினான்.

"என்னய்யா, கதை ஒண்ணும் இல்லியா?" என்றான் சாமிக்கண்ணு.

"ஆட்டத்தப் பாருய்யா."

தனவேல் கையில் இருந்தது நாலில் ஒரு ஜோடி, கூட ஒரு ஒன்பது. இந்தச் சீட்டுக்கு அவன் வாழ்நாளில் ஒரு குச்சி வைத்ததில்லை. தோற்றால் இங்கேயே உட்கார வேண்டியதுதான், அக்கா முகத்தில் முழிக்க முடியாது. கொளஞ்சியை ஏறிட்டுப் பார்த்தான். கொளஞ்சி சிவனே என்று உட்கார்ந்திருந்தான். அப்படி அவன் உட்கார்ந்திருந்து தனவேல் பார்த்ததே இல்லை.

தனவேல் தன் குச்சி எல்லாவற்றையும் வாரி நடுவில் வைத்தான். "காட்டுண்ணே."

கொளஞ்சி காட்டினான். ரெண்டு, ஏழு, பத்து. பூவில் ஒன்று, டைமனில் ஒன்று, ஸ்பேடில் ஒன்று.

சாமிக்கண்ணு தொடையில் தட்டிக்கொண்டு எழுந்தான். தனவேல் டோக்கனை எடுத்துச் சட்டைப் பையில் வைத்து, பொத்தானையும் போட்டுக்கொண்டான். கொளஞ்சி மிச்சமிருந்த இரண்டு குச்சியையும் கொஞ்ச நேரம் பார்த்தான். அதில் ஒன்றை உரசினான், காற்றில் அணைந்துவிட்டது. இன்னொன்றை உரசி பீடியைப் பற்றவைத்துக்கொண்டான். அதோடு ஆட்டம் முடிந்தது.

தனவேல் வண்டியைக் கிளப்பும்போது கொளஞ்சி கிட்டே வந்து மட்கார்டில் கை வைத்தான். நிஜமாகவே தெரிந்துகொள்ள வேண்டும்போல அவன் முகம் இருந்தது.

"நாலு ஜோடிக்கெல்லாம் மேல வர்றவன் இல்லியேடா நீ. என் கையில ஒண்ணுமில்லன்னு எப்படிடா கண்டுபிடிச்ச?"

"சீட்ட எடுத்ததுலேருந்து நீ ஒரு பொய்கூடச் சொல்லலியேண்ணே" என்றான் தனவேல். "வாயில இல்லன்னா கையிலதான இருக்கணும்."