யார் போட்ட யுரேனியம்?

சீடருக்கு ஐம்பத்திரண்டு வயது. குருவுக்கு முப்பத்தாறு. அணு ஆய்வுக்கூடத்தில் இப்படியும் நடக்கும்.

சீடர் பேச்சிமுத்து, எரிந்து முடிந்த அணு எரிபொருளை அமிலத்தில் கரைத்து யுரேனியம் பிரிக்கும் பிரிவில் பழம் தின்று கொட்டை போட்டவர். குரு ஜெசிந்தா, அதே வேலையை உருகிய உப்பில் மின்சாரம் விட்டுச் செய்பவர். ஜெசிந்தா சரி என்றால் பேச்சிமுத்து இங்கேயே இருக்கலாம். இல்லாவிட்டால் பழைய பிரிவுக்கே போக வேண்டியதுதான். அங்கே அவருடைய நாற்காலியில் ஏற்கெனவே வேறொருவர் உட்கார்ந்துவிட்டார்.

தடித்த கண்ணாடிக்கு அப்பால், இயந்திரக் கைகளுக்குக் கீழே, உப்பு உருகிக் கிடந்தது. ஒரு பக்கம் எரிபொருள் துண்டுகள் போடும் கூடை. எதிரே ஓர் இரும்புத் தண்டு. கூடையில் உள்ள யுரேனியம் உப்பில் இறங்க வேண்டும், தண்டில் யுரேனியம் ஒட்ட வேண்டும். அவ்வளவுதான் பரீட்சை.

"உப்பு என்ன மேடம், நாவப்பழச் சாறு கணக்கா இருக்கு?"

"பழசு சார். நிறைய பேர் இதுல துண்டு போட்டு ஓட்டினது."

"எங்க பிரிவுல இப்படிப் பழசுல போட மாட்டோம். இந்தக் கழனித்தண்ணியில சுத்தமான உலோகம் எப்படி எடுக்க?"

"புது உப்பு வேணுமா?"

"ஆமா மேடம்."

ஜெசிந்தா மறுக்கவில்லை. பக்கத்துக் கலத்தில் புது உப்பு உருகியது. தண்ணீர் போல் அடிவரை தெரிந்தது. பேச்சிமுத்து முகத்தில் அப்படி ஒரு பெருமை.

அங்கேயும் கூடையில் துண்டுகள் போட்டார். மின்சாரம் ஓடியது. தண்டைத் தூக்கினார். மொட்டையாக வந்தது. உப்பிலேயே இருந்த லித்தியம்தான் நாலு துளி திரண்டு மிதந்தது. கூடையைத் தூக்கி எடை பார்த்தார்.

"கூடையில எடை குறைஞ்சிருக்கு மேடம். அப்ப இறங்கியிருக்கு. பின்ன எங்க போச்சு?"

"உப்பைப் பாருங்க."

பார்த்தார். தெளிந்த உப்பில் லேசாக ஊதா படர்ந்திருந்தது.

"அப்ப அந்தப் பழைய உப்புல இருக்க நிறம்..."

"அழுக்கும் இருக்கு சார். ஆனா நிறம் யுரேனியத்தோடது. உப்புல முதல்லயே யுரேனியம் இல்லன்னா தண்டுக்கு எது வரும்?"

பேச்சிமுத்து நாக்கைக் கடித்துக்கொண்டார். பழைய உப்பிடம் போனார். புதிதாகத் துண்டுகள் போட்டு ஓட்டினார். இந்தத் தடவை தண்டு முழுக்க முள்முள்ளாக யுரேனியம் அப்பிக்கொண்டு வந்தது. சின்னப் பிள்ளை மாதிரி கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு பார்த்தார். அவருக்குக் கண் கலங்கியது.

"மேடம், இது நான் போட்டதுதான?"

"கொஞ்சம் உங்களது கலந்திருக்கும். பெரும்பாலும் உங்களுக்கு முன்னாடி ஓட்டினவங்க போட்டது."

"அப்ப நான் போட்டது?"

"உப்புல இருக்கு."

பேச்சிமுத்து தண்டைப் பார்த்தார். பிறகு உப்பைப் பார்த்தார். கேட்கக் கூச்சமாகத்தான் இருந்தது. ஆனாலும் கேட்டுவிட்டார்.

"நான் பாஸா மேடம்?"

"அடுத்து ஓட்டுறவங்க தண்டைத் தூக்கட்டும் சார், சொல்றேன்."