பலகையைப் பிடித்தவர்

"என்னை எப்ப உடைக்க விடுவீங்க, மாஸ்டர்?"

நல்லதம்பி இதைக் கேட்டபோது, ஜெபராணி மாஸ்டர் உடைந்த பலகைத் துண்டுகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தார்.

"பலகை பிடிக்கிறது எப்படி இருக்கு?" என்று திருப்பிக் கேட்டார்.

"அதுல என்ன இருக்கு? சும்மா நிக்கணும். அவ்வளவுதான்."

"அப்ப இன்னும் கொஞ்ச நாள் நில்லுங்க."

அம்பாசமுத்திரத்தில், ஓட்டம் நின்றுபோன ஓர் அரிசி ஆலையின் நெற்களத்தில் காலை வேளைகளில் அந்தக் கராத்தே வகுப்பு நடந்தது. மாஸ்டருக்கு முப்பது வயது இருக்கும். நல்லதம்பி அவரைவிட நன்றாகவே மூத்தவர். லாரி டயர்களுக்குப் பஞ்சர் ஒட்டுகிறவர். தோளையும் கையையும் பார்த்தாலே பலம் தெரியும்.

அவரோடு சேர்ந்தவர்கள் பலகை உடைத்து, ஓடு உடைத்து, செங்கல் வரைக்கும் போய்விட்டார்கள். அவருக்கு மட்டும் பலகையைப் பிடித்துக்கொள்ளும் வேலை.

வீட்டில் மனைவியிடம் புலம்பினார். பிடிக்காவிட்டால் வகுப்பிலிருந்து நின்றுவிட வேண்டியதுதானே என்றாள் அவள். நிற்கவும் மனசு வரவில்லை.

தங்கபுஷ்பம் முதன்முதலாகப் பலகை உடைக்கும் நாள் வந்தது. கடைத்தெருவில் தையல் கடை வைத்திருப்பவள். மெலிந்த உடம்பு. இந்த நாளுக்காகவே மாதக்கணக்கில் ஈரமணல் மூட்டையில் குத்திப் பழகியிருந்தாள்.

நல்லதம்பி பலகையை நீட்டிப் பிடித்தார்.

எதிரே அந்தச் சின்ன முஷ்டியைப் பார்த்தார். அவருக்குப் பாவமாக இருந்தது. முழங்கையைக் கொஞ்சம் தளர்த்திக்கொண்டார்.

அவள் குத்தினாள்.

பலகை பின்னால் போயிற்று. உடையவில்லை.

இன்னொரு தடவை குத்தினாள். அவர் இன்னும் கொஞ்சம் இளகினார். பலகை அப்போதும் உடையவில்லை. அவள் கையை மடியில் வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள். விரல் முட்டிகள் வீங்கத் தொடங்கியிருந்தன. அழவில்லை. ஆனால் யார் முகத்தையும் பார்க்கவில்லை. இது தனக்கு வராது போலிருக்கிறது என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள்.

எல்லாரும் போன பிறகு மாஸ்டர் கேட்டார்.

"ஏன் அப்படிப் பிடிச்சீங்க?"

"அந்தப் பிள்ளைக்கு வலிக்கக் கூடாதுன்னுதான் மெதுவாப் பிடிச்சேன், மாஸ்டர்."

மாஸ்டர் உள்ளே போய் ஒரு கயிறு கொண்டுவந்தார். அதே பலகையைக் கட்டி, களத்தின் ஓரத்துக் கொட்டகை உத்தரத்திலிருந்து தொங்கவிட்டார்.

"உடைக்கணும்னீங்களே. உடைங்க."

நல்லதம்பிக்குச் சந்தோஷம். காலை ஊன்றி நின்று, பலத்தையெல்லாம் சேர்த்துக் குத்தினார்.

பலகை ஊஞ்சல் மாதிரிப் போய்த் திரும்பி வந்தது.

மறுபடி குத்தினார். மறுபடியும் போய் வந்தது. சட்டை நனைந்துவிட்டது. முட்டித் தோல் உரிந்தது. வலி தோள்பட்டை வரைக்கும் ஏறியது. பலகையில் ஒரு கீறல்கூட விழவில்லை.

கடைசியில் கையைத் தொங்கவிட்டபடி அதன் முன்னால் நின்றார். ஆடிக்கொண்டிருந்த பலகை மெல்ல மெல்ல அடங்கி நின்றது.

அவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அந்தப் பிள்ளை வீடு எங்க இருக்கு, மாஸ்டர்?"

மாஸ்டர் தெருவைச் சொன்னார்.

சாயங்காலம் தன் பஞ்சர் கடையைச் சீக்கிரம் அடைத்துவிட்டு அங்கே போனார். பலகை உடையாததற்குத் தான்தான் காரணம் என்று வாசலிலேயே நின்று சொன்னார். கை ஆறியதும் வரவேண்டும் என்றும், தானே பிடிப்பதாகவும் சொன்னார். தங்கபுஷ்பம் அவருடைய உரிந்த முட்டியைப் பார்த்தாள். காபி போட்டுக் கொடுத்தாள். வருகிறேன் என்றோ வரமாட்டேன் என்றோ சொல்லவில்லை.

வீக்கம் வற்றிய பிறகு வந்தாள்.

யார் பிடிக்கணும் என்று மாஸ்டர் கேட்டார். அவள் நல்லதம்பியைக் காட்டினாள்.

அவர் பலகையை வாங்கிக்கொண்டார். ஒரு காலைப் பின்னால் வைத்தார். முழங்கைகளை நீட்டிப் பூட்டினார். இத்தனை நாள் பிடித்ததில் இன்றுதான் அவருக்கு நெஞ்சு அடித்துக்கொண்டது. அந்தச் சின்ன முஷ்டி கிளம்பி வருவதைப் பார்த்தார். கண்ணை மூடவில்லை. மூச்சைப் பிடித்து நின்றார்.

சடக்கென்று ஒரு சத்தம்.

அந்த அதிர்வு அவர் கைகள் வழியே இறங்கிக் குதிகால் வரைக்கும் போனது. இரண்டாகப் பிளந்த பலகைத் துண்டுகள் அவர் இரண்டு கையிலும் இருந்தன.

தங்கபுஷ்பம் தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். வலிக்கவே இல்லை என்றாள். களத்தில் எல்லாரும் கை தட்டினார்கள். நல்லதம்பியும் தட்டப் பார்த்தார். துண்டுகளைக் கீழே போடத் தோன்றாமல் அவற்றையே ஒன்றோடொன்று தட்டினார்.

மாஸ்டர் ஒரு புதுப் பலகையை எடுத்து அவர் முன்னால் நீட்டினார்.

"உங்க முறை."

நல்லதம்பி அதை வாங்கிக்கொண்டு, யார் பிடிப்பார்கள் என்று சுற்றிலும் பார்த்தார். யாரும் அசைவதற்கு முன்னால் தங்கபுஷ்பம் வந்து பலகையைப் பிடுங்கிக்கொண்டாள். காலை ஊன்றி, கையை நீட்டி நின்றாள்.

அந்த மெல்லிய மணிக்கட்டுகளைப் பார்த்ததும் அவர் முஷ்டி தானாகவே தளர்ந்தது.

அவள் அதைக் கவனித்துவிட்டாள்.

"அண்ணே, பாவம் பாத்து அடிக்காதீங்க. பலகை உடையலைன்னா எனக்குத்தான் வலிக்கும்."