கற்றாழைக் காரின் சத்தம்

காரைக் கும்பிடுகிற மனுசனை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா?

ஆயுத பூஜையன்று எல்லோரும்தான் கும்பிடுகிறோம், சக்கரத்தில் எலுமிச்சம்பழம் நசுக்குகிறோம். அதைச் சொல்லவில்லை. தினமும், பல் விளக்கின கையோடு, பொண்டாட்டி காபி போடுவதற்கு முன்னாடி.

நாமக்கல் செங்கோட்டுவேல் அப்படித்தான். லாரிக்கு பாடி கட்டுகிற பட்டறைக்காரர். வயசு அறுபத்திரண்டு.

பத்தொன்பது வயசில் சேலம் ரோட்டில் ஒரு சிவப்புக் காரைப் பார்த்தார். தரையோடு தரையாகப் படுத்திருந்தது. வெளிநாட்டுப் பந்தயக் கார், அல்வேரா என்று பெயர். ஓட்டி வந்தவர் இளநீர் குடித்துவிட்டுக் கிளம்பிப் போனார். செங்கோட்டுவேலின் மனசு கிளம்பவில்லை.

அதற்கப்புறம் அவருக்கு வேறு கார் கிடையாது. பட்டறை நிமிர்ந்ததும் ஒரு அல்வேரா. அது பழசானதும் அடுத்த மாடல். இப்போது ஓட்டுவது மூன்றாவது. மற்ற கம்பெனிக் காரின் பெயரை வாயால் சொல்லக்கூட மாட்டார். எல்லாவற்றுக்கும் ஒரே பேர்தான்: 'மத்தது'.

ஊர்க்காரர்களுக்கு அல்வேரா வாயில் நுழையவில்லை. முகத்தில் பூசுகிற அலோவேரா என்று நினைத்துக் 'கற்றாழைக் கார்' என்று பேர் வைத்துவிட்டார்கள்.

அந்தக் கற்றாழைக் காரை ஓட்டிக்கொண்டு ஒரு நாள் காலையில் அவர் கொல்லிமலை ஏறினார். வளைவுச்சாமியைப் பார்க்க.

அந்த ரோட்டில் எழுபது கொண்டை ஊசி வளைவு. முப்பத்தெட்டாவது வளைவில் ஒரு தகரக் கொட்டகை. சாமிக்கு நாற்பது வயசிருக்கும். முன்னே மலை மினி பஸ்ஸில் கண்டக்டராக இருந்த பெண். ஒரு நாள் அந்த வளைவில் விசில் கொடுத்து பஸ்ஸை நிறுத்தினார். தோள்பையை டிரைவரிடம் கொடுத்தார். இறங்கினார். திரும்ப ஏறவே இல்லை.

விசில் மட்டும் இன்னும் கழுத்தில் தொங்குகிறது.

"வாங்கண்ணா. உள்ள போங்க, உள்ள போங்க, எடம் இருக்கு" என்றார் சாமி.

கொட்டகையில் வேறு யாருமே இல்லை.

செங்கோட்டுவேல் உட்காரவில்லை.

"சாமி, என் வண்டி செத்துப்போச்சுங்க."

"அதுலதான ஏறி வந்தீங்க?"

"ஓடுதுங்க. சத்தம் செத்துப்போச்சு. எட்டு மாசமாச்சு. மூணு மெக்கானிக் பார்த்துட்டாங்க. எல்லாம் நல்லாத்தான் இருக்குங்கறாங்க. எனக்குத் தெரியாதுங்களா? அல்வேரா வளைவு ஏறும்போது ஒரு சத்தம் போடும். மூணு வளைவு கீழ வர்றப்பவே எனக்கு உடம்பு சிலிர்க்கும். அந்தச் சத்தத்துக்குத்தாங்க நான் வாக்கப்பட்டிருக்கேன்."

"இங்க வண்டிக்கு வைத்தியம் பாக்கறதில்லீங்கண்ணா. வேற?"

செங்கோட்டுவேல் அப்போதுதான் உட்கார்ந்தார்.

"யாக்கோபுங்க."

யாக்கோபும் அவரும் பாலிடெக்னிக்கில் ஒரே பெஞ்சு. முதல் அல்வேராவைக் கூட்டாகத்தான் வாங்கினார்கள். ஒற்றைப்படைத் தேதி இவருக்கு, இரட்டைப்படை அவருக்கு. பிறகு ஆளுக்கொன்று. ஞாயிற்றுக்கிழமையானால் இரண்டு பேரும் மலைக்கு வந்துவிடுவார்கள். செங்கோட்டுவேல் முதலில் ஏறி வந்து ஏதாவது ஒரு வளைவில் நின்றுகொள்வார். யாக்கோபு பின்னால் ஏறி வருவார். 'அல்வேரா சங்கம்' என்று போர்டுகூட எழுதி வைத்திருந்தார்கள்.

"சங்கத்துல இப்ப எத்தனை பேருங்க?" என்றார் சாமி.

"நான் ஒருத்தந்தாங்க. தலைவரும் நானே, செயலாளரும் நானே."

"கூட்டம் போட்டாச் சண்டை வராது."

செங்கோட்டுவேலுக்குச் சிரிப்பு வரவில்லை.

"எட்டு மாசத்துக்கு முன்னால அல்வேராவைத் தள்ளிவிட்டுட்டு அவன் மத்தது வாங்கிட்டானுங்க சாமி. ஒசரமா, மாட்டுக்கொட்டாயாட்டம். ஏன்டான்னு கேட்டா சிரிக்கறான். பதில் இல்ல. அன்னைக்கிருந்து நான் பேசறதில்லீங்க."

"சரி."

"வர்ற புதன்கிழமை அவன் மக ரூபிக்குக் கல்யாணம். நாலு வயசுல அந்தப் புள்ளைக்கு வாக்குக் குடுத்திருக்கேன், சர்ச்சுக்கு உன்னை அல்வேராவுலதான் கூட்டிட்டுப் போவேன்னு. நேத்து போன் பண்ணிட்டா. 'வருவீங்களா மாட்டீங்களா பெரியப்பா, நாளைக்குள்ள சொல்லுங்க'ங்கறா."

"சொல்ல வேண்டியதுதான?"

"என்னத்தைச் சொல்றது? போனா, இத்தனை வருச விசுவாசம் பொய்யின்னு ஆயிரும். போகலைன்னா, புள்ளை அழுகும். ராத்திரியெல்லாம் புரண்டு புரண்டு படுத்து, எம் பொண்டாட்டி அடுத்த ரூமுக்குப் போயிட்டா. ஒண்ணும் புரியலீங்க. விசுவாசம்னா என்னங்க சாமி?"

சாமி எழுந்து கொடியில் காய்ந்த துண்டை உருவினார்.

"கண்ணைக் கட்டணும். வாங்க."

வளைவின் ஓரத்துத் தடுப்புச் சுவரில் உட்கார வைத்துக் கண்ணைக் கட்டினார்.

"ஏறி வர்றது என்ன வண்டின்னு சொல்லுங்க."

"இது எதுக்குங்க?"

"சொல்லுங்க."

முதலில் ஒன்று முக்கி முனகிக்கொண்டு வந்தது.

"பஸ்ஸு. பிரேக் கட்டை தேஞ்சிருக்கு."

'கும்பிடறேனுங்க சாமி' என்று டிரைவர் சத்தம் போட்டுக்கொண்டே கடந்து போனார்.

அடுத்தது மலையையே கிழித்துக்கொண்டு வந்தது.

"பைக்கு. சைலன்சரைப் புடுங்கிட்டு ஓட்டறான். வீட்ல யாரும் அடிக்கறதில்ல போல."

அப்புறம் ரொம்ப நேரத்துக்கு ஒன்றும் இல்லை. யாரோ சட்டையைப் பிடித்து இழுத்தார்கள்.

"இது வண்டி இல்லீங்க சாமி. கொரங்கு."

"சரிதான்."

கீழே, வெகு கீழே, ஏதோ ஒன்று வளைவு திரும்பியது.

செங்கோட்டுவேலின் கழுத்து நிமிர்ந்தது.

இன்னொரு வளைவு. சத்தம் இறங்கி, இரண்டு முறை உறுமி, மறுபடி ஏறியது.

அவர் இரண்டு கையாலும் சுவரைப் பிடித்துக்கொண்டார். முன்கையில் மயிர் குத்திட்டு நின்றது.

"அல்வேரா!"

"நல்லாக் கேளுங்க."

"அல்வேராங்க சாமி! அதேதான்! எட்டு மாசமா இதைத்தாங்க தேடிட்டிருந்தேன். யாரோ புண்ணியவான் வெச்சிருக்கான் பாருங்க." கண்ணைக் கட்டின துண்டு நனைந்துவிட்டது.

"நிச்சயமா?"

"எம் பொண்டாட்டி கொரல்ல சந்தேகம் வந்தாலும் இதுல வராதுங்க."

சாமி ஒரு விசில் கொடுத்தார். வண்டி நின்றது. துண்டை அவிழ்த்தார்.

முன்னால் நின்றது வெள்ளையாக, உயரமாக, மாட்டுக்கொட்டகை மாதிரி ஒரு கார்.

மத்தது.

"இது இல்லீங்க" என்றார் செங்கோட்டுவேல். "பின்னால வருதுங்க."

அவரே போய்க் கீழே எட்டிப் பார்த்தார். மூன்று வளைவு வரைக்கும் ரோடு வெறிச்சென்று கிடந்தது.

"தாண்டிப் போயிருச்சுங்களா?"

"என்னைத் தாண்டி ஒண்ணும் போகலீங்கண்ணா."

வெள்ளைக் காரின் கதவு திறந்தது. யாக்கோபு இறங்கினார். நாற்காலியிலிருந்து எழுந்திருக்கிற மாதிரி, நிதானமாக, கதவைப் பிடித்துக்கொண்டு. கையில் கல்யாணப் பத்திரிகை. சட்டைக்கு மேலே இடுப்பைச் சுற்றி அகலமாக ஒரு பட்டை.

"நீ எங்கடா இங்க?"

எட்டு மாசத்தில் பேசிய முதல் பேச்சு அது.

"சாமிக்குப் பத்திரிகை வைக்க வந்தேன்." யாக்கோபு ஓரத்தில் படுத்திருந்த சிவப்புக் காரைப் பார்த்தார். "எப்பிடி இருக்கா?"

"யாரு? எம் பொண்டாட்டியா?"

"வண்டிடா."

செங்கோட்டுவேல் பட்டையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அது என்ன இடுப்புல?"

"டாக்டர் போடச் சொன்னாரு. அல்வேராவுல ஏறிருவேன், எறங்கறதுதான் முடியல. ஒரு நாள் பெட்ரோல் பங்க்ல ரெண்டு பேரு கையைக் காலைப் புடிச்சு வெளிய எடுத்தாங்க, கன்னுக்குட்டியப் பொறக்க வெக்கற மாதிரி. அத்தோட குடுத்துட்டேன்."

"ஏன்டா எங்கிட்டச் சொல்லல?"

"சங்கத் தலைவர்கிட்டயா?"

கோபப்படுவதா, சிரிப்பதா என்று செங்கோட்டுவேலுக்குத் தெரியவில்லை. திரும்பவும் ஒரு தரம் கீழே எட்டிப் பார்த்தார். ரோட்டில் அந்தக் குரங்குதான் உட்கார்ந்திருந்தது.

"அண்ணா" என்றார் சாமி. "என்ன சத்தம் கேட்டீங்க?"

"அல்வேராச் சத்தங்க."

"எப்பிடி இருந்துச்சு?"

"வளைவுக்கு முன்னால காலை எடுத்தாங்க. அப்புறம் ஆக்ஸிலேட்டர்ல ரெண்டு தட்டு. உர்ரும், உர்ரும். அப்புறந்தான் ரெண்டாவது கியர். அல்வேரா எப்பவுமே அப்படித்தாங்க. ரெண்டு தட்டு, அப்புறம்..."

தலையைத் திருப்பினார்.

சிவப்புக் காரைப் பார்த்தார். காலையில் முப்பத்தெட்டு வளைவு அதில்தான் ஏறி வந்தார்.

வெள்ளைக் காரைப் பார்த்தார்.

அப்புறம் யாக்கோபின் வலது காலைப் பார்த்தார். வார் அறுந்து ஊக்குப் போட்ட செருப்பு.

"நீ எங்க தட்டுன?" என்றார் யாக்கோபு. "பெட்ரோல் வீண்னு என்னையத் திட்டுவ."

சிவப்புக் காரின் மேல் ஒரு காய்ந்த இலை விழுந்தது. செங்கோட்டுவேல் அதைத் துடைக்கப் போகவில்லை.

"ரூபி கேட்டுட்டே இருக்காடா" என்றார் யாக்கோபு. "புதன்கிழமை வருவியா?"

செங்கோட்டுவேல் சாமியின் கையிலிருந்த துண்டை வாங்கினார். தடுப்புச் சுவரில் உட்கார்ந்தார். ஈரத் துண்டால் தன் கண்ணைத் தானே கட்டிக்கொண்டார். காதை மறைத்த முனையை மட்டும் விலக்கிவிட்டார்.

சாமி இரண்டு விசில் கொடுத்தார்.

"யாக்கு" என்றார் செங்கோட்டுவேல். "முப்பதாவது வளைவு வரைக்கும் எறங்கிப் போயிட்டு, இன்னொருக்கா ஏறி வாடா."